பச்சைத் தரையும் புல்லட் சிஸ்டரும்

டெல்லி துவாரகாவில் அந்த அடுக்குமாடிச் சொசைட்டியின் கீழ்த்தளத்துக்கு ஜனவரியில்தான் பச்சைப் பூச்சு பூசினார்கள். இத்தனை வருஷமாகச் சிமென்ட்டும் புழுதியுமாகக் கிடந்த வண்டி நிறுத்துமிடம் ஒரே வாரத்தில் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பளபளத்தது. செக்ரட்டரி சேஷன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கீழே இறங்கி வந்து, செருப்பைக் கழற்றாத குறையாக அதைப் பார்த்துவிட்டுப் போனார். மத்திய அரசில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இங்கே குடிவந்தவர். தான் கையெழுத்துப் போட்ட வேலை ஒன்று இப்படிக் கண்ணெதிரே மின்னுவதை அவர் உத்தியோக காலத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது நாள் காலையில் அந்தப் பச்சையின் நடுவே ஒரு தோசை அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய் தேங்கிக் கிடந்தது. அதற்கு மேலே, ஒன்றுமே தெரியாததுபோல நின்றது மாடியில் குடியிருந்த ஜெனிஃபரின் பழைய புல்லட் மோட்டார்சைக்கிள்.

“என்னம்மா ஜெனிஃபர், இதென்ன?”

“ஆயில் சார். கொஞ்சம் கசிஞ்சிருக்கு.”

“கொஞ்சமா? இதுல அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கே!”

“இப்பவே துடைச்சிருதேன் சார்.”

“துடைக்கறது இருக்கட்டும். நாளைக்கும் கசியுமே, அதுக்கு என்ன பண்ணப் போறேள்?”

ஜெனிஃபர் பழைய துணி எடுத்துவர மாடிக்குப் போனாள். மறுநாள் லிஃப்ட் பக்கத்திலிருந்த பலகையில் ஆங்கிலத்தில் ஒன்றும் இந்தியில் ஒன்றுமாகச் சுற்றறிக்கை தொங்கியது. எண், தேதி, பொருள் எல்லாம் முறைப்படி இருந்தன. கீழ்த்தளத்தில் ஒழுகும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிறன்று சோதனை நடக்கும். அன்று ஒரு சொட்டு காணப்பட்டாலும், ஒழுகும் பொருள் திங்கள் மாலைக்குள் வெளியேற்றப்பட வேண்டும்.

“உம் பேர எங்கயும் போடல பாரு, பெரிய மனுஷன்” என்றான் அவள் கணவன் தேவநேசன். ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் வேலை அவனுக்கு. “ஆனா லிஃப்ட்ல ஏறுற ஒவ்வொருத்தனும் படிச்சிட்டு நம்ம வீட்டு மாடியத்தான் அண்ணாந்து பாக்கான்.”

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியேற்றினால் வண்டி எங்கே போகும்? ஐம்பது வயது தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் என்று பதிவு செய்து, காகிதமெல்லாம் சரியாக வாங்கி வைத்திருந்தாள். கண்காட்சிக்கு ஓட்டலாம், பழுது பார்க்கக் கொண்டுபோகலாம். ஆனால் டெல்லியில் அத்தனை பழைய வண்டியைத் தெருவோரம் நிறுத்தினால், பழைய வண்டிச் சட்டப்படி தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கரோல் பாக்கில் ஒரு வியாபாரி வண்டியை விலைக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டான். கீழ்த்தளத்தில் இடம் போனால் வண்டி போயிற்று. அவ்வளவுதான் கணக்கு.

அது அவளுடைய வண்டி. தேவநேசனுக்கு அதை ஸ்டாண்டில் ஏற்றவே வராது. 1972ஆம் வருஷத்து மாடலை 2004இல் அதே கரோல் பாக்கில் அவள்தான் பார்த்து, உதைத்து, சத்தம் கேட்டு வாங்கினாள். ஒன்பது வருஷம் விடிகாலை டியூட்டிக்கு அதில்தான் போனாள். பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த ஒரு பெண், ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், தடதடவென்று புல்லட்டில் வந்து இறங்குவதைப் பார்த்து ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வைத்த பெயர்தான் ‘புல்லட் சிஸ்டர்’. 2013இல் இருவருக்கும் மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வண்டியை உறை போட்டு மூடிவிட்டுப் போனார்கள். திரும்பி வர பதினோரு வருஷமாயிற்று. இப்போது ஐம்பத்தொரு வயதில், மார்ச் மாதம் நடக்கும் பழைய வண்டிகள் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

கோளாறு ஆரம்பித்ததே முதல் உதையில்.

நின்றுபோன வண்டியில் எண்ணெய் என்ன செய்யும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தப் பழைய எஞ்சின்களில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. பம்பு அங்கிருந்து எடுத்து மேலே அனுப்பும். எல்லா இடத்தையும் நனைத்துவிட்டு எண்ணெய் அடியறைக்கு இறங்கும். அங்கிருந்து இன்னொரு பம்பு அதைத் திரும்பவும் தன் அறைக்கு அனுப்பிவிடும். ஓடுகிறவரை இந்தச் சுற்று நிற்காது; அடியறையில் எப்போதும் கொஞ்சம்தான் எண்ணெய் இருக்கும். வண்டி நின்றுவிட்டால், பம்பின் மயிரிழை இடைவெளி வழியாக எண்ணெய் நாளுக்கு இத்தனை சொட்டு என்று தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். பதினோரு வருஷத்தில் மொத்த எண்ணெயும் அடியறைக்கு வந்துவிட்டது. அதை வடித்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும்.

செக்டார் மார்க்கெட் மெக்கானிக் தர்மன் வடிக்கவில்லை. நேராக உதைத்தான். எஞ்சினுக்குள் சுழலும் பெரிய சக்கரம் அத்தனை எண்ணெயையும் வாரி அடித்தது. இடுக்கு கண்ட இடமெல்லாம் எண்ணெய் பீறிட்டது. அந்தத் தோசை அப்படி விழுந்ததுதான்.

தர்மனின் தாத்தா சேலத்துப் பக்கம். தர்மன் பிறந்து வளர்ந்தது டெல்லி. தமிழ் பேசுவான், ஆனால் அவசரம் வந்தால் இந்திதான் முந்திக்கொள்ளும்.

“டென்ஷன் எடுக்காதீங்க சிஸ்டர். பழைய கேஸ்கெட், சுக்காக் காஞ்சு கிடக்கு. புதுசு போட்டு மேல சிலிகான் அடிச்சா, பஸ், கதம், அவ்ளோதான்!”

அவன் சொன்னதில் பாதி சரி. வண்டியின் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் நடுவே வைக்கும் காகித அட்டைதான் கேஸ்கெட். சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம் ஆயில் சீல். இரண்டுமே எண்ணெயில் ஊறிக் கிடக்கும்வரை மெத்தென்று இருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்தால் அட்டை சுருங்கும், ரப்பர் விறைக்கும். ஆகவே மாற்ற வேண்டியதுதான். முதல் வாரம் எஞ்சின் தலைமேல் இருக்கும் டாப்பெட் மூடிக்குப் புது அட்டை வைத்து, சிவப்பு சிலிகான் பசையை அல்வா மாதிரி அப்பினான். மூடி கசிவதை நிறுத்தியது. வலப்பக்கத்துப் பல்சக்கர மூடி கசிந்தது. இரண்டாவது வாரம் அதற்கும் சிலிகான். அது நின்றது, கியர் பக்கத்து சீலில் எண்ணெய் வழிந்தது. மூன்றாவது வாரம் சீலை மாற்றினான். மறுநாள் காலையில் எஞ்சினும் சிலிண்டரும் சேரும் அடிப்பகுதியில் முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது.

“இந்த வண்டிக்கு அழுகை வியாதி சிஸ்டர்” என்று தர்மன் கையைத் துடைத்துக்கொண்டான். “போல்ட்ட இன்னும் ஒரு சுத்து இறுக்கிப் பாக்கட்டா?”

“வேண்டாம்ப்பா. இறுக்கி இறுக்கி மூடியே வளைஞ்சிரும் போலுக்கு.”

தேவநேசன் தினமும் காலையில் வண்டிக்கடியில் விரித்த பழைய செய்தித்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அறிக்கை வாசித்தான். “இன்னைக்கு விளையாட்டுப் பக்கம் முழுக்கப் போச்சு. தலையங்கம் தப்பிச்சிட்டு.”

“உங்களுக்கு எப்பவும் கேலிதான்.”

“கேலி இல்லட்டி. கரோல் பாக்காரன் நேத்தும் போன் பண்ணான். நான் எடுக்கல. எத்தன நாளைக்கு எடுக்காம இருக்கது?”

அவன் குரலில் இருந்தது கேலி இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் விட்டால் ஞாயிறு. இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அன்று அவளுக்குப் பகல் டியூட்டி. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த ஒரு பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் சுஜாதா ஓடி வந்தாள்.

“சிஸ்டர், ஏழாம் பெட்ல குழாயச் சுத்தி லீக் ஆகுது. பெட்ஷீட் ரெண்டு தடவ மாத்திட்டேன். இதவிடப் பெரிய குழாய் போடலாமா?”

ஜெனிஃபர் போய்ப் பார்த்தாள். பெரியவரைத் தொடக்கூட இல்லை. குழாயை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனாள். கட்டிலின் பக்கக் கம்பியை யாரோ இறக்கியபோது குழாய் அதற்கடியில் மாட்டி நசுங்கியிருந்தது. கம்பியைத் தூக்கி விடுவித்தாள். பையில் சலசலவென்று இறங்கியது.

“பாத்தியா? கசியுற இடத்துல கோளாறே இல்ல. போக வேண்டிய வழி அடைச்சிருந்தா, அது போகக் கூடாத வழியிலதான வரும்? அங்க போய் நீ எத்தன கட்டுப் போட்டாலும், பக்கத்துல இன்னொரு எடத்துல வரும்.”

சொல்லி முடித்தவள் கையிலிருந்த கம்பியை விடாமல் அப்படியே நின்றாள்.

“என்ன சிஸ்டர்?” என்றாள் சுஜாதா.

“ஒண்ணுமில்ல. எங்க வீட்டுலயும் ஒரு பேஷன்ட் இருக்கு.”

மெட்ரோவில் திரும்பும்போது இருக்கை கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒரு மூடியை அடைத்தால் இன்னொரு மூடி. அதை அடைத்தால் சீல். மூன்று வாரமாக அந்த எண்ணெய் இடம் மாறி மாறித் தன்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதற்கடியில் இருக்கும் காற்று நசுங்கும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நசுங்கும். அந்தக் காற்று வெளியே போக அடியறையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டுப் பின்சக்கரத்துச் சங்கிலி வரை போகும். மூச்சுக்குழாய் என்றே சொல்லலாம். அது அடைத்துக்கொண்டால் காற்று உள்ளேயே முட்டும். முட்டுகிற காற்று எந்த மூடியின் இடுக்கு பலவீனமோ அந்த இடுக்கில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கேஸ்கெட் புதுசா பழசா என்று அது பார்ப்பதில்லை. சிலிகானுக்கு அது பயப்படுவதும் இல்லை.

சரி, ஆனால் யார் அடைத்தது? குளவி கூடு கட்டியிருக்குமோ?

சனிக்கிழமை காலை காபி குடித்த கையோடு கீழே இறங்கினாள். பின்னாலேயே தேவநேசன் டார்ச்சோடு வந்தான். குழாயின் முனை பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. தர்மன் அதைத் துடைத்துக்கூட விட்டிருந்தான். அவள் எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி, துணியால் துடைத்து, வாயை வைத்து ஊதினாள். கன்னம் உப்பியதுதான் மிச்சம். காற்று இம்மியும் போகவில்லை.

“என்ன, சங்கா?” என்றான் தேவநேசன்.

“பெட்டியில ஸ்க்ரூடிரைவர் இருக்கும், எடுங்க.”

வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் இரும்புச் சாமான் பெட்டியை அவன் திறந்தான். திறந்தவன் மூடியின் உட்பக்கத்தில் டார்ச்சை அடித்தான்.

“ஜெனி, இது உன் எழுத்துல்லா?”

ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒன்று மூடிக்குள் ஒட்டியிருந்தது. பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தாலும் பால்பாயின்ட் எழுத்து அழியவில்லை. ‘14.6.2013. காஸ் துணி – 3.’

ஜெனிஃபருக்குக் காது மடல் வரை சூடேறியது.

தியேட்டர் சிஸ்டர் என்றால் எண்ணிக்கைதான் வாழ்க்கை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஒற்றும் காஸ் துணி எத்தனை மேசைக்கு வந்தது என்று எண்ண வேண்டும். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் அத்தனையும் திரும்ப வந்ததா என்று எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான், மஸ்கட் கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியின் திறந்த வாய்களையெல்லாம் பூச்சியும் ஈரமும் போகாதபடி வாஸ்லின் தடவிய காஸ் துணியால் அவள் அடைத்தாள். எத்தனை என்று எழுதியும் ஒட்டினாள். திரும்பி வந்து அவிழ்த்தபோது சைலன்சரில் இருந்ததை எடுத்தாள். கார்புரேட்டர் வாயில் இருந்ததை எடுத்தாள்.

“ரெண்டுதான எடுத்தேன்” என்றாள் மெதுவாக.

“மூணாவது?”

அவள் மாடிக்கு ஓடிப்போய்த் தன் பழைய டப்பாவிலிருந்து நீளமான இடுக்கியை எடுத்துவந்தாள். ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கி. குழாயின் சங்கிலிப் பக்கத்து முனைக்குள் விட்டாள். கட்டைவிரல் நீளம் உள்ளே போனதும் எதிலோ தட்டியது. பிடித்து, திருகி, இழுத்தாள். வரவில்லை. மறுபடி திருகினாள். ‘டொப்’ என்று ஒரு சத்தம்.

கறுத்து, இறுகி, விரல் மொத்தத்துக்கு ஒரு சுருள் வெளியே வந்து விழுந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் வாஸ்லினுமாகச் சேர்ந்து ரப்பர் கட்டைபோல ஆகிவிட்டிருந்தது. அவள் அதைப் பிரித்தாள். உள்மடிப்பில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. மூன்று மடிப்பு, ஓரம் உள்ளே. அவள் கை மடிப்புத்தான். சந்தேகமே இல்லை.

“இருபத்தெட்டு வருஷம்” என்றாள். “ஒரு பேஷன்ட் வயித்துலயும் ஒரு நூலக்கூட விட்டதில்ல நான்.”

தேவநேசன் அவளைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். பிறகு தாங்க முடியாமல் சிரித்தான். அந்தப் பச்சைத் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். “தர்மன என்ன பேச்சுப் பேசின! சேஷன் சாரத் திட்டின! கடைசில பாத்தா...”

“போதும், சிரிச்சது. எந்திரிங்க. தர்மனுக்கு போன் போடுங்க. எண்ணெயையும் கேஸ்கெட்டையும் கொண்டாரச் சொல்லுங்க.”

தர்மன் வந்து சுருளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். “அரே பாப்ரே! சிஸ்டர், நான் மூணு வாரமா மூக்கப் பொத்திட்டு வாய்க்கு பிளாஸ்திரி போட்டுட்டு இருந்திருக்கேனே!”

“மூக்கப் பொத்தினது நான். நீ பிளாஸ்திரி மட்டும்தான் போட்ட. வா, வேலையப் பாப்போம்.”

அடைப்பு போனதோடு வேலை முடிந்துவிடவில்லை. மூன்று வாரம் அந்த முட்டலைத் தாங்கிய மூடிகளை அப்படியே விட முடியாது. முதலில் அடியறைத் திருகைக் கழற்றி எண்ணெயை முழுக்க வடித்தார்கள். அப்புறம் மூடிகளைக் கழற்றினார்கள். தர்மன் அப்பிய சிலிகான் உள்பக்கமும் பிதுங்கி, சின்னச் சின்னப் புழுக்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று அறுந்து எண்ணெய் போகும் துளையில் மாட்டினால், எஞ்சின் தாகத்தில் செத்துப்போகும். ஜெனிஃபர் ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் போட்டாள். எண்ணிக்கொண்டே போட்டாள். தேவநேசன் வாயைத் திறக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டான்.

பிறகு சமையல் மேடைக்காக வாங்கிவைத்திருந்த கண்ணாடித் துண்டு ஒன்று கீழே வந்தது. கண்ணாடியைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறு கிடைக்காது. அதன்மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, மூடியைக் கவிழ்த்து வைத்து, எட்டு போடுவதுபோல மெல்லத் தேய்த்தாள். தேய்ந்த இடம் பளபளக்கும், பள்ளமான இடம் மங்கலாகவே நிற்கும். டாப்பெட் மூடியின் ஒரு மூலை மங்கலாக நின்றது. இறுக்கி இறுக்கி வளைந்த மூலை. அதுவும் பளபளக்கும்வரை தேய்த்தாள். பசையே இல்லாமல், அட்டைக்கு இருபக்கமும் எண்ணெய் மட்டும் தொட்டு வைத்தார்கள். போல்ட்டுகளை ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றி, கால் திருப்பாக இறுக்கினார்கள். அப்படிச் செய்தால் அட்டை எல்லா இடத்திலும் ஒரே சீராக நசுங்கும். கடைசியாக, தர்மன் வழக்கம்போல ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று எண்ணெய் டப்பாவைச் சாய்த்தபோது அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கோட்டு வரைக்கும் போதும். மேல ஊத்தினா அதுவும் வெளியதான் வரும்.”

“அச்சா, அச்சா. இன்னைக்கு நான் ஜூனியர், நீங்க உஸ்தாத்.”

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சேஷன் வந்தார். கஞ்சி போட்ட சட்டை; பையில் பேனா. கையில் சுருட்டிய வெள்ளைச் சார்ட் தாள். முதல் ஆராதனைக்குப் போய்விட்டு அதே புடவையோடு ஜெனிஃபர் காத்திருந்தாள். விஷயம் பரவி, வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

“மொதல்ல வெளி முற்றத்துல பதினஞ்சு நிமிஷம் ஓடணும்” என்றார் சேஷன். “அப்பறம் உள்ள இந்தத் தாள்மேல நிக்கணும். சாயந்திரம் ஆறு மணிக்குப் பாப்பேன். சூடா இருக்கறச்சேதான் எண்ணெய் இளகி ஒழுகும்னு படிச்சேன்.”

“நல்லாப் படிச்சிருக்கிய சார்” என்றாள் ஜெனிஃபர். மனசாரத்தான் சொன்னாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தாள். முதல் உதை வெறுமனே போயிற்று. இரண்டாவதில் புல்லட் கனைத்தது. பிறகு அந்தச் சத்தம், ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போன்ற அந்தச் சத்தம், நான்கு பக்கத்துக் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பியது. பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெனிஃபர் சங்கிலிக்குப் பக்கத்தில் குனிந்து, குழாய் முனைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தாள். புஸ், புஸ், புஸ். வெதுவெதுப்பான மூச்சு கையில் பட்டது. பதினோரு வருஷத்துக்கப்புறம் அது மூச்சு விடுகிறது. அவள் கண் கலங்கியதைப் புகை என்று நினைத்துத் தர்மன் கைக்குட்டை நீட்டினான்.

கீழே, தாளை விரித்ததும் சேஷன் மண்டியிட்டு உட்கார்ந்து, நான்கு மூலையிலும் பச்சை மையால் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டார்.

“எதுக்கு சார் நாலு மூலையிலும்?” என்றான் தேவநேசன்.

“தாளை மாத்திடப்படாதோன்னோ.”

“எலக்‌ஷன் பெட்டிக்குக்கூட இவ்வளவு கிடையாது.”

அன்று பகல் நகரவே இல்லை. ஜெனிஃபர் கீழே போகக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, சமையலறையில் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள். மூன்று மணிக்குக் கரோல் பாக்கிலிருந்து போன் வந்தது. தேவநேசன் எடுத்தான். “ஆறு மணிக்கு மேல பண்ணுங்க” என்று வைத்துவிட்டான்.

ஆறு மணிக்குக் காலையைவிடக் கூட்டம் அதிகம். சேஷன் டார்ச்சோடு குனிந்தார். எஞ்சினுக்கு நேர்கீழே வெள்ளை வெளேரென்று இருந்தது. சீலுக்குக் கீழே வெள்ளை. மூச்சுக்குழாய்க்குக் கீழே வெள்ளை. பின்சக்கரத்தைத் தாண்டி மூலைக்கு வெளிச்சம் போனதும் அவர் கை நின்றது.

அங்கே ஒரு நாணயம் அகலத்துக்கு ஈரம்.

சேஷன் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “வாஸ்தவமா, எனக்கே வருத்தமா இருக்கும்மா. ஆனா ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான்.”

அதற்குள் ஜெனிஃபர் தாளருகே குனிந்திருந்தாள். தொடவில்லை. ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டிலைப் பார்த்ததுபோலப் பார்த்தாள்.

“சார், உங்க பேனாவுல என்ன மை?”

“பாட்டில் மை. பவுன்டன் பேனா. ஏன்?”

“இங்க பாருங்க. மத்த மூணு மூலையிலும் உங்க கையெழுத்து ஜம்முன்னு இருக்கு. இந்த மூலையில மட்டும் பச்சைப் பூ மாதிரி விரிஞ்சிருக்கு. எண்ணெயில இந்த மை கரையவே கரையாது சார். இது தண்ணி. தாளும் சுருங்கியிருக்கு பாருங்க. எண்ணெய்னா தாள் சுருங்காது, கண்ணாடி மாதிரி ஆகிரும், காயவும் செய்யாது.”

தர்மன் ஏற்கெனவே டார்ச்சை மேலே திருப்பிவிட்டான். கூரையோடு ஓடும் தண்ணீர்க் குழாயின் இணைப்பில் ஒரு துளி திரண்டு நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். துளி கனத்தது, நீண்டது, எல்லோர் கண்முன்னாலும் விழுந்தது. சேஷனின் பச்சைச் சுருக்கொப்பம் இன்னும் கொஞ்சம் விரிந்தது.

முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது.

“சார்” என்றான் தேவநேசன், மிகவும் பணிவாக. “ஒழுகும் பொருள் எதுவும்னுதான சுற்றறிக்கையில இருக்கு? திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள அந்தப் பைப்பையும் வெளியேத்திருவியளா?”

சேஷன் அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பேனாவால் எழுதினார். வாகனம் சோதிக்கப்பட்டது, எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை, தற்போதைய இடத்திலேயே தொடரலாம். முழுக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தபோது தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏம்மா, அந்த பைப்புக்கு நாளைக்கு பிளம்பர் வருவான். வந்த ஒடனே பசை அப்பறேம்பான். பசையே அப்பச் சொல்லலாமா?”

“வேண்டாம் சார்” என்றாள் ஜெனிஃபர். “எங்க அடைச்சிருக்குன்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க. அப்பறம் ஒழுகுறதப் பாத்துக்கலாம்.”

கூட்டம் கலைந்த பிறகு, பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சாமான் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பழைய எழுத்துக்குக் கீழே, தியேட்டரில் எழுதுவதுபோலவே எழுதினாள். ‘திரும்பி வந்தது – 3. எண்ணிக்கை சரி.’

தேவநேசனின் போன் அடித்தது. கரோல் பாக். இந்தத் தடவை அவளே வாங்கிக்கொண்டாள். மறுகையால் சாவியைத் திருப்பி, ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பி, போனை அதன் பக்கத்தில் அரை நிமிஷம் பிடித்தாள்.

“சுனா பையா? கேட்டுச்சா?” என்றாள். “இதான் பதில்.”